டிரூபல் மாட்யூல்ல 1055 எரர் வந்தா குரூப் பை க்வெரிய ஒழுங்கா சரி பண்றது எப்படி

டிரூபல் (வெப்சைட் கட்டற சாஃப்ட்வேர்) சைட்ல கான்ட்ரிப் மாட்யூல், அதாவது வெளி ஆளுங்க எழுதி குடுக்கற மாட்யூல், ஒண்ணு போட்டிருப்பீங்க, லோக்கல்ல நல்லா ஓடிருக்கும், லைவ்ல ஏத்தினதும் பேஜ் வெள்ளையா வந்து நிக்கும். ரிப்போர்ட்ஸ்ல ரீசன்ட் லாக் மெசேஜஸ் பாத்தா எஸ்க்யூஎல்ஸ்டேட் 42000, சின்டாக்ஸ் எரர் ஆர் ஆக்சஸ் வயலேஷன், 1055-னு ஆரம்பிச்சு நாலு வரிக்கு ஒரு எரர் இருக்கும், கடைசில ஒன்லி ஃபுல் குரூப் பைன்னு முடியும். இத எப்படி சரி பண்றதுன்னுதான் இந்த பதிவு. முதல்லயே சொல்லிடறேன், கமாண்டு க்வெரி எல்லாத்தையும் தமிழ் எழுத்துலயே எழுதிருக்கேன், காப்பி பேஸ்ட் பண்ணா ஓடாது, நீங்களே இங்கிலீஷ்ல டைப் பண்ணிக்கங்க. அதுலயும் ஒரு நல்லது இருக்கு, டைப் பண்ணும்போது என்ன பண்றோம்னு ஒரு தடவ யோசிப்பீங்க.

"சின்டாக்ஸ் எரர் ஆர் ஆக்சஸ் வயலேஷன்"ங்கறத நம்பி கமா எங்க விட்டுச்சு, பர்மிஷன் இல்லையான்னு தேடிட்டு இருக்காதீங்க. 42000-ங்கற கோடுக்கு அப்படி ஒரு பொதுவான பேர் ஒட்டிருக்கு, அவ்ளோதான். நமக்கு வேண்டிய விஷயம் அதுக்கு அடுத்தது. எக்ஸ்பிரஷன் நம்பர் 2 ஆஃப் செலெக்ட் லிஸ்ட்னு ஒரு நம்பர் குடுக்கும் பாருங்க, அது செலெக்ட்ல நீங்க கேட்ட ஃபீல்டுகள ஒண்ணுல இருந்து எண்ணிட்டு வந்தா ரெண்டாவது ஃபீல்டு. அதோட பேரையும் பக்கத்துலயே சொல்லிரும். அந்த ஃபீல்டுதான் தகராறு.

அடிக்கடி பாக்கற ஒரு கேஸையே எடுத்துக்கலாம். சில டேக் குடுத்தா அந்த டேக் இருக்கற கடைசி பத்து கட்டுரைய ஒரு பிளாக்ல காட்டற மாட்யூல். உள்ள இருக்கற க்வெரி ஏறக்குறைய இப்படி இருக்கும் (நோட்னா இங்க ஒரு கட்டுரை, என்ஐடி அதோட நம்பர், டிஐடி டேக்கோட நம்பர்):

செலெக்ட் என்.என்ஐடி, என்.டைட்டில், என்.கிரியேட்டட், டி.டிஐடி
ஃப்ரம் நோட்_ஃபீல்டு_டேட்டா என்
இன்னர் ஜாயின் டேக்ஸானமி_இன்டெக்ஸ் டி ஆன் டி.என்ஐடி = என்.என்ஐடி
வேர் என்.ஸ்டேட்டஸ் = 1 அண்ட் டி.டிஐடி இன் (3, 7)
குரூப் பை என்.என்ஐடி
ஆர்டர் பை என்.கிரியேட்டட் டிசென்டிங் லிமிட் 10

இந்த குரூப் பை ஏன் அங்க வந்துச்சுன்னு யோசிங்க. எழுதினவருக்கு எண்ணிக்கையோ கூட்டலோ எதுவும் வேண்டாம். ஒரு கட்டுரைக்கு 3, 7 ரெண்டு டேக்கும் இருந்தா ஜாயின்ல அது ரெண்டு ரோவா வரும், பிளாக்ல ஒரே தலைப்பு ரெண்டு தடவ தெரிஞ்சிருக்கும், அத மறைக்க ஒரு குரூப் பை போட்டு விட்டுருக்காங்க. மைஎஸ்க்யூஎல் 5.6 வரைக்கும் இது ஒண்ணும் சொல்லாம ஓடும், ஏதோ ஒரு ரோவோட மதிப்ப எடுத்து குடுத்துரும். 5.7.5-ல இருந்து ஒன்லி ஃபுல் குரூப் பை, அதாவது குரூப்புக்கு ஒரே மதிப்புன்னு உறுதியில்லாத ஃபீல்ட செலெக்ட்ல விடாத மோட், டீஃபால்ட்டாவே ஆன், 5.7 ஸ்டேபிளா வந்தது 2015 அக்டோபர்ல, அதனாலதான் அதுக்கு முன்னாடி எழுதின கோடெல்லாம் வரிசையா விழ ஆரம்பிச்சுது.

டேட்டாபேஸ் இங்க அடம் பிடிக்கல, ஒரு நியாயமான கேள்விதான் கேக்குது. ரேஷன் கார்டு வாரியா குரூப் பண்ணிட்டு, கார்டுக்கு ஒரு வயசு சொல்லுன்னா யாரோட வயச சொல்றது, தாத்தாவோடதா பேரனோடதா? அதே மாதிரி இங்க ஒரு என்ஐடிக்கு ரெண்டு டிஐடி இருக்கு, எந்த டிஐடி வேணும்னு கேக்குது. 1055-ஐ சரி பண்றதுன்னா இந்த கேள்விக்கு பதில் சொல்றது. நெட்ல தேடினா கிடைக்கற தீர்வுல பாதி கேள்வி கேக்கறவனோட வாய அடைக்கறதுதான், அதனால எதெல்லாம் பண்ணக்கூடாதுங்கறத முதல்ல பாத்துரலாம்.

எஸ்க்யூஎல் மோட்ல இருந்து ஒன்லி ஃபுல் குரூப் பைய தூக்கிரு, இது எங்க தேடினாலும் முதல்ல வர்ற அட்வைஸ். ஹோஸ்டிங் சப்போர்ட்ல கேட்டாலும் இததான் பண்ணி தருவாங்க, பண்ணின பிறகும் எரர் போகாது, ஏன்னா டிரூபல் கனெக்ஷன் எடுத்த உடனேயே தன்னோட எஸ்க்யூஎல் மோட தானே செட் பண்ணிக்கும், அதுல ஆன்சிங்கற மோட் இருக்கும், மைஎஸ்க்யூஎல் 5.7.5-ல இருந்து அந்த ஆன்சிக்குள்ளயே ஒன்லி ஃபுல் குரூப் பை அடக்கம். சர்வர் கான்ஃபிக் ஃபைல்ல என்ன மாத்தினாலும் இங்க எடுபடாது. செட்டிங்ஸ் பிஎச்பி ஃபைல்ல இனிட் கமாண்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல மாத்தலாம்தான், எரர் போயிரும். ஆனா உங்க சைட்ல இருக்கற மத்த எல்லா மாட்யூலுக்கும் சேத்து காவல எடுத்து விட்டுட்டீங்க. போஸ்ட்கிரெஸ் வெச்சிருக்கறவங்களுக்கு அந்த மாதிரி ஆஃப் பண்ற சுவிட்சே கிடையாது, அதனால மாட்யூலுக்கு பேட்ச்னு இத அனுப்பவும் முடியாது.

அடுத்தது எல்லா ஃபீல்டையும் குரூப் பைல அள்ளி போடறது. மாட்யூலோட இஷ்யூ க்யூல (பக் சொல்லி திருத்தம் அனுப்பற இடம்) வர்ற பேட்ச்கள்ல நிறைய இந்த ரகம்தான். என்ஐடி, டைட்டில், கிரியேட்டட், டிஐடி நாலையும் குரூப் பைல போட்டா எரர் போயிரும், கூடவே பழைய ரெட்டை தலைப்பும் திரும்பி வந்துரும், ஏன்னா டிஐடி வேறயா இருக்கற ரெண்டு ரோவும் இப்ப ரெண்டு குரூப். லிமிட் 10 வேற இருக்கறதால பத்து ரோவுல உண்மையான கட்டுரை ஆறோ ஏழோதான் வரும்.

டிஸ்டிங்க்ட்டும் இதே கததான், டிஐடி செலெக்ட்ல இருக்கற வரைக்கும் டிஸ்டிங்க்ட் ஒண்ணும் பண்ணாது. டிஐடிய எடுத்துட்டா வேலை செய்யும், ஆனா ஆர்டர் பைல இருக்கற ஃபீல்டு செலெக்ட்லயும் இருக்கணும், இல்லன்னா 1055 போய் 3065-னு இன்னொரு எரர் வந்து நிக்கும். எனி வேல்யூன்னு ஒரு ஃபங்ஷன் இருக்கு, 5.7.5-லயே வந்துச்சு, ஏதோ ஒண்ணு குடு போதும்னு டேட்டாபேஸ்கிட்ட சொல்றது. சொந்த சைட்டுக்கு பரவால்ல. டிரூபல் கோர் மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் எல்லாத்துலயும் ஓடணும், போஸ்ட்கிரெஸ்ல எனி வேல்யூ வந்ததே 16-லதான், எஸ்க்யூலைட்ல கிடையவே கிடையாது. ஊருக்கே குடுக்கற மாட்யூல்ல இத போடாதீங்க.

சரி, இப்ப வேலைக்கு வருவோம். முதல்ல அந்த க்வெரிய கைல பிடிக்கணும். லாக்லயே எரரோட சேர்ந்து க்வெரி இருக்கும், டிரஷ் (டிரூபலுக்கான கமாண்டு லைன் கருவி) இருந்தா வாட்ச்டாக் ஷோ கமாண்டுலயும் பாக்கலாம். கோடுல டைனமிக் க்வெரியா இருந்தா எக்ஸிக்யூட்டுக்கு முன்னாடி அந்த ஆப்ஜெக்ட ஸ்ட்ரிங்கா காஸ்ட் பண்ணி பிரிண்ட் பண்ணுங்க, ஆர்க்யுமென்ட்ஸ் மெத்தட கூப்பிட்டா ப்ளேஸ்ஹோல்டர் மதிப்புகள் கிடைக்கும். டெவல் மாட்யூல் இருந்தா டிபிக்யூன்னு ஒரு ஃபங்ஷன் ரெண்டையும் சேத்தே காட்டும்.

இத எடுத்துட்டு போய் மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்லயோ பிஎச்பிமைஅட்மின்லயோ போட்டு பாக்கும்போதுதான் நிறைய பேர் குழம்பறாங்க. டேபிள் பேர சுத்தி நெளிவு அடைப்பு இருக்கும், அது டிரூபல் ப்ரீஃபிக்ஸ் போடறதுக்கான அடையாளம், அத எடுத்துட்டு ப்ரீஃபிக்ஸ் இருந்தா கையால சேத்துக்கங்க. ஃபீல்டு பேர் எல்லாம் டபுள் கோட்ஸ்குள்ள இருக்கும், ஆன்சி மோட்ல அது ஃபீல்டு பேர், சாதாரண மைஎஸ்க்யூஎல் செஷன்ல அது வெறும் ஸ்ட்ரிங், அதனால உங்க க்வெரி வேற எரர் குடுக்கும், இல்லன்னா எரரே வராம என்னத்தையோ காட்டும். டிரஷ் வழியா எஸ்க்யூஎல் சிஎல்ஐக்குள்ள போனாலும் அதே கததான், டிரூபலோட செஷன் செட்டிங் அங்க வராது. க்வெரிய ஓட்டறதுக்கு முன்னாடி செட் செஷன் எஸ்க்யூஎல்_மோட் = 'ஆன்சி'ன்னு ஒரு வரி அடிச்சிருங்க, டபுள் கோட்ஸ் பிரச்சனையும் போகும், மைஎஸ்க்யூஎல்லா இருந்தா 1055-உம் லைவ்ல வந்த மாதிரியே இங்கயும் வரும். வந்தா நல்லது. பக் கைக்கு வந்துருச்சு.

"எனக்கு இந்த எரர் வரலியே"ன்னு மாட்யூல் மெயின்டெயினர் சொன்னார்னா அவர் என்ன டேட்டாபேஸ்ல ஓட்டறார்னு கேளுங்க. எஸ்க்யூலைட் இந்த விஷயத்துல ரொம்ப தாராளம், எத கேட்டாலும் ஏதோ ஒரு ரோவ எடுத்து குடுத்துரும். மரியாடிபிலயும் சர்வர் டீஃபால்ட்ல இந்த மோட் ஆன்ல கிடையாது.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பாக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு, ஏன்னா டிஐடிய செலெக்ட்ல இருந்து எடுத்தாலும் எரர் போகல, டைட்டில்லயே நிக்குதுன்னு சொல்றவங்க நிறைய. மைஎஸ்க்யூஎல் 5.7.5 ஒண்ணும் முட்டாள்தனமா எல்லாத்தையும் தடுக்கறது இல்ல, ப்ரைமரி கீய வெச்சு குரூப் பண்ணா அந்த டேபிளோட மத்த ஃபீல்டெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான் இருக்க முடியும்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும், விட்டுரும். போஸ்ட்கிரெஸ் இத 9.1-லயே பண்ணிருச்சு. டிரூபல் 7-ல நோட் டேபிளோட ப்ரைமரி கீ என்ஐடி, அதனால அங்க என்.என்ஐடில குரூப் பண்ணிட்டு என்.டைட்டில் கேட்டா தப்பில்ல. டிரூபல் 8-ல இருந்து டைட்டில் எல்லாம் நோட்_ஃபீல்டு_டேட்டாவுக்கு போயிருச்சு, அதோட ப்ரைமரி கீ என்ஐடி மட்டும் இல்ல, என்ஐடியும் லாங்கோடும் (மொழியோட குறியீடு) சேந்தது. 7-ல இருந்து அப்படியே கொண்டு வந்த க்வெரி அங்கதான் மாட்டுது.

தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் ஓடற சைட்டா இருந்தா இது வெறும் எரர் விஷயம் இல்ல. ஒரே என்ஐடிக்கு டிஏ-ன்னு ஒரு ரோ, இஎன்-னு ஒரு ரோ இருக்கும். எந்த டைட்டில் வேணும்? பழைய தாராளமான மோட்ல ஓட்டியிருந்தா தமிழ் பக்கத்துல திடீர்னு ஒரு இங்கிலீஷ் தலைப்பு வரும், இன்னொரு நாள் வராது, ஏன்னே தெரியாது. சரி, லாங்கோட் = 'டிஏ'ன்னு ஒரு கண்டிஷன் போட்டா போச்சுன்னு தோணும், ஆனா இன்னும் மொழிபெயர்க்காத கட்டுரை எல்லாம் பிளாக்ல இருந்து காணாம போயிரும். அது வேணும்னேதான்னா சரி. இல்லன்னா டீஃபால்ட்_லாங்கோட் = 1-னு (கட்டுரையோட மூல மொழி ரோ மட்டும்) போடுங்க, ஒரு என்ஐடிக்கு ஒரே ஒரு ரோதான் வரும், அதுல இருந்து என்ஐடிய மட்டும் எடுத்துட்டு, நோட லோடு பண்ணி, என்டிட்டி ரெப்பாசிட்டரி சர்வீஸ்ல கெட் ட்ரான்ஸ்லேஷன் ஃப்ரம் கான்டெக்ஸ்ட் மெத்தட்கிட்ட குடுத்தீங்கன்னா தமிழ் இருந்தா தமிழ், இல்லன்னா இருக்கற மொழி. க்வெரில டைட்டிலே கேக்க வேண்டாம்.

இப்ப உண்மையான திருத்தம். நமக்கு தெரிய வேண்டியது "இந்த கட்டுரைக்கு இந்த டேக்ல ஏதாவது ஒண்ணு இருக்கா"ங்கறது மட்டும்தான், ஆமா இல்லன்னு பதில் வர்ற கேள்வி. அதுக்கு ஜாயினே தேவையில்ல, ஜாயின் இல்லன்னா ரெட்டை ரோ இல்ல, ரெட்டை ரோ இல்லன்னா குரூப் பைக்கும் அங்க வேலை இல்ல.

செலெக்ட் என்.என்ஐடி, என்.கிரியேட்டட்
ஃப்ரம் நோட்_ஃபீல்டு_டேட்டா என்
வேர் என்.ஸ்டேட்டஸ் = 1 அண்ட் என்.டீஃபால்ட்_லாங்கோட் = 1
அண்ட் என்.என்ஐடி இன் (செலெக்ட் டி.என்ஐடி ஃப்ரம் டேக்ஸானமி_இன்டெக்ஸ் டி வேர் டி.டிஐடி இன் (3, 7))
ஆர்டர் பை என்.கிரியேட்டட் டிசென்டிங், என்.என்ஐடி டிசென்டிங் லிமிட் 10

டிரூபல் கோடுல இத எழுதறதும் கஷ்டம் இல்ல. உள் க்வெரிய தனியா ஒரு செலெக்ட் ஆப்ஜெக்ட்டா கட்டிட்டு, வெளி க்வெரியோட கண்டிஷன் மெத்தட்ல என்.என்ஐடி, அந்த ஆப்ஜெக்ட், 'இன்' மூணையும் குடுத்தா போதும், ப்ளேஸ்ஹோல்டர் எல்லாத்தையும் அதுவே சேத்துக்கும். லிமிட்டுக்கு ரேஞ்ச் மெத்தட், பூஜ்யம், பத்து. ஆர்டர் பைல கடைசியா என்ஐடிய ஏன் சேத்திருக்கேன்னா மைக்ரேட் வழியா மொத்தமா இறக்கின கட்டுரைகளுக்கு கிரியேட்டட் நேரம் ஒண்ணாவே இருக்க வாய்ப்பு உண்டு, அப்போ வரிசை ரீஃப்ரெஷ் பண்ண பண்ண மாறலாம். இன்னொண்ணு, பழைய க்வெரில ஆர்டர் பையே இல்லாம இருந்தும் வரிசையா வந்துட்டு இருந்துச்சுன்னா அது குரூப் பை பண்ணின புண்ணியம், 5.7 வரைக்கும் குரூப் பை தானாவே சார்ட் பண்ணி குடுத்துச்சு, 8.0-ல அத எடுத்துட்டாங்க. வேண்டிய வரிசைய வாய்விட்டு கேட்டுருங்க.

பழைய க்வெரில நோட் ஆக்சஸ் டேக் (கட்டுரையோட டேக் இல்ல, அனுமதிய செக் பண்ண சொல்லி க்வெரில ஒட்டற அடையாளம்) இருக்கான்னு பாருங்க, இல்லன்னா ஆட் டேக் மெத்தட்ல அதையும் சேத்துருங்க. அது இல்லாம நேரடியா டேபிள படிச்சா, பாக்க அனுமதி இல்லாத கட்டுரையும் பிளாக்ல வந்துரும். இந்த மாதிரி பிளாக் மாட்யூல்கள்ல அடிக்கடி விட்டுப்போற வரி இது.

டிஐடி லிஸ்ட் காலியா வந்தா என்ன ஆகும்னு மறக்காதீங்க. காலி அர்ரேய 'இன்'னுக்கு குடுத்தா டிரூபல் எக்ஸெப்ஷன் எறியும், அதனால க்வெரி கட்டறதுக்கு முன்னாடியே காலியான்னு செக் பண்ணி காலி லிஸ்ட்ட திருப்பி அனுப்பிருங்க. அப்புறம் 'இன்'னுக்குள்ள இம்ப்ளோடு பண்ணி கமா போட்டு ஒட்டற கோடு பழைய மாட்யூல்கள்ல இன்னும் இருக்கு, கண்ணுல பட்டா கையோட மாத்துங்க. இந்த 'இன்' லிஸ்ட் சாதாரண விஷயம் இல்ல சார், 2014 அக்டோபர் 15-ம் தேதி வந்த டிரூபல்கெடான்ங்கற எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் பிரச்சனை இதே இடத்துலதான் வந்துச்சு. 7-ல 7.32-க்கு முந்தின எல்லா வெர்ஷனும் அடி வாங்குச்சு, அர்ரேயோட கீய அப்படியே ப்ளேஸ்ஹோல்டர் பேர்ல சேத்ததுதான் காரணம், திருத்தம் என்னன்னு பாத்தா அர்ரே வேல்யூஸ்னு ஒரே ஒரு ஃபங்ஷன் கால். அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள்ள பேட்ச் போடாத சைட் எல்லாம் ஹேக் ஆயிருச்சுன்னே வெச்சுக்கங்கன்னு அவங்க செக்யூரிட்டி டீமே ரெண்டு வாரம் கழிச்சு சொன்னாங்க.

சில மாட்யூல்ல குரூப் பை நிஜமாவே தேவைப்படும். டேக்குக்கு ஒரு கடைசி கட்டுரை வேணும்னா டிஐடில குரூப் பண்ணி மேக்ஸ் கிரியேட்டட் எடுத்து, அத திரும்ப நோட்_ஃபீல்டு_டேட்டாவோட ஜாயின் பண்ணி தலைப்ப எடுக்கணும், ரெண்டு கட்டுரைக்கு ஒரே நேரம் இருந்தா ரெண்டும் வரும், அத பிஎச்பில ஒண்ணா குறைச்சுக்கலாம். ரோ நம்பர்னு விண்டோ ஃபங்ஷன் இருக்கே, அழகா ஒரே க்வெரில முடிச்சிரலாமேன்னு கேப்பீங்க. மாட்யூல் டிரூபல் 10-க்கும் சப்போர்ட் குடுக்குதுன்னா முடியாது, டிரூபல் 10 மைஎஸ்க்யூஎல் 5.7.8-லயே ஓடும், விண்டோ ஃபங்ஷன் வந்தது 8.0-லதான். டிரூபல் 11 மட்டும்னா அங்க குறைஞ்சபட்சமே 8.0, தாராளமா போடலாம்.

மொத்த க்வெரியையும் தூக்கிட்டு என்டிட்டி க்வெரில எழுதலாமான்னா எழுதலாம், கோர் அங்க இந்த கேள்விக்கு ஏற்கனவே ஒரு பதில் வெச்சிருக்கு: குரூப் பண்ண வேண்டி வந்தா ஏறுவரிசைக்கு மின், இறங்குவரிசைக்கு மேக்ஸ்னு எடுத்து சார்ட் பண்ணும். ஆக்சஸ் செக் மெத்தட மட்டும் மறக்கக்கூடாது, டிரூபல் 10-ல அது இல்லன்னா எக்ஸெப்ஷன். ஆனா பக் ஃபிக்ஸ்னு அனுப்பற பேட்ச்ல பாதி ஃபைல மாத்தி எழுதினா ரிவ்யூ பண்ண ஆள் கிடைக்காம கிடக்கும். சின்னதா அனுப்புங்க, சீக்கிரம் உள்ள போகும்.

டெஸ்ட் ஒண்ணு கண்டிப்பா எழுதுங்க. கெர்னல் டெஸ்ட் போதும்: ரெண்டு டேக்கும் இருக்கற ஒரு கட்டுரை, தமிழ் மொழிபெயர்ப்பு உள்ள ஒண்ணு, மொழிபெயர்ப்பு இல்லாத ஒண்ணு, பப்ளிஷ் ஆகாத ஒண்ணு, டேக்கே இல்லாத ஒண்ணு. வர்ற என்ஐடிகளையும் வரிசையையும் சரி பாருங்க, எரர் வரலங்கறத மட்டும் டெஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல. கூடவே ஒரு பொறி இருக்கு, லோக்கல்ல சீக்கிரம் ஓடும்னு பலரும் கெர்னல் டெஸ்ட்ட எஸ்க்யூலைட்ல ஓட்டறாங்க, அதுல பழைய தப்பான க்வெரியே எரர் இல்லாம ஓடிரும். மைஎஸ்க்யூஎல்ல ஓட்டுங்க, முடிஞ்சா போஸ்ட்கிரெஸ்லயும். ஃபிக்ஸ் போடறதுக்கு முன்னாடி அந்த டெஸ்ட் ஃபெயில் ஆகுதான்னும் பாத்துருங்க. ப்ரௌசர்ல பாக்கும்போது பழசே தெரிஞ்சா கேஷ் ரீபில்ட் பண்ணிட்டு பாருங்க, பிளாக் கேஷ்ல இருந்து வருதுன்னு தெரியாம நல்ல க்வெரிய திரும்ப மாத்தி வைக்காதீங்க.

அனுப்பறதுக்கு முன்னாடி மாட்யூலோட இஷ்யூ க்யூல 1055-னு தேடிருங்க, பாதி நேரம் யாரோ ஏற்கனவே ஓபன் பண்ணிருப்பாங்க. அதுலயே இஷ்யூ ஃபோர்க் எடுத்து, மெர்ஜ் ரிக்வெஸ்ட் போட்டு, ஸ்டேட்டஸ நீட்ஸ் ரிவ்யூவுக்கு மாத்துங்க. கமென்ட்ல எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன், எப்படி கட்டுரை போட்டா எரர் வரும், ஏன் குரூப் பைய எடுத்துட்டீங்க, இந்த நாலும் இருந்தா போதும். முன்னாடி யாராவது எல்லா ஃபீல்டையும் குரூப் பைல போட்டு பேட்ச் குடுத்திருந்தா, ரெட்டை தலைப்பு வர்றத ஒரு டெஸ்ட்டோட காட்டுங்க, வாக்குவாதம் பண்ண வேண்டாம்.

மெயின்டெயினர் எடுத்துக்கற வரைக்கும் உங்க சைட் சும்மா இருக்க முடியாது. கம்போசர் (பிஎச்பி பேக்கேஜ்கள இறக்கற கருவி) பேட்சஸ் ப்ளகின் வழியா போட்டுக்கலாம், ஆனா மெர்ஜ் ரிக்வெஸ்ட்டோட டிஃப் லிங்க்க நேரா கம்போசர் ஃபைல்ல குடுக்காதீங்க, நாளைக்கு யார் என்ன புஷ் பண்ணாலும் அது உங்க லைவ் சைட்ல வந்து இறங்கும். ஃபைலா டவுன்லோட் பண்ணி ப்ராஜெக்ட்டுக்குள்ளயே பேட்சஸ்னு ஒரு ஃபோல்டர்ல வெச்சு அதோட பாத்த குடுங்க, கிட்லயும் சேத்துருங்க. பேட்ச் பக்கத்துல இஷ்யூ நம்பரையும் எழுதி வைங்க, ஏன்னா ஃபிக்ஸ் உள்ள வந்த ரிலீஸுக்கு அப்டேட் பண்ணும்போது அதே பேட்ச் திரும்ப ஒட்டாம கம்போசர் கத்தும், அப்போ கம்போசர் ஃபைல்ல அந்த வரியையும் ஃபோல்டர்ல அந்த ஃபைலையும் தூக்கிட்டு இன்ஸ்டால் ஓட்டுங்க.